கணக்குக்கு வராத சுருக்கம்

"இப்ப அதைக் கோபப்படச் சொல்லுங்க" என்றாள் ஃபர்ஹீன்.

"கோபமா மேடம்?" சூரியபிரகாஷ் உரக்கக் கேட்டு, கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினான்.

கம்ப்யூட்டர் திரையில், கறுப்புப் பின்னணியில் ஒரு கிழவர் முகம். புருவங்கள் மெல்ல நெருங்கின. நெற்றியில் கோடுகள் விழுந்தன.

"எதுக்குக் கத்துறீங்க?"

"கீழ மாவு மில்லு மேடம். கத்திக் கத்திப் பழகிருச்சு."

தேனி அல்லிநகரத்தில் மில்லுக்கு மேல் மாடி அறை. நடுவே பிளைவுட் தடுப்பு. ஃபர்ஹீன் உத்தமபாளையத்துப் பெண். பெங்களூரில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். பெருநாளுக்கு ஊருக்கு வந்தவள், பொத்தானைத் தட்டினால் சுருக்கம் விழும் கம்ப்யூட்டர் முகம் ஒன்றைத் தேனியில் ஒருவன் செய்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தாள். அவளுக்குப் பிடித்தால் சூரியபிரகாஷுக்குப் பெங்களூரில் வேலை. பிடிக்காவிட்டால் சின்னமனூரில் அப்பாவின் வாழைக்காய் மண்டி.

"சினிமான்னா ஒரு சுருக்கத்துக்கு ராத்திரி பூரா கம்ப்யூட்டர ஓட விடலாம். விளையாட்டுல அது நடக்காது. தட்டுன உடனே விழணும். இது கொஞ்சம் யோசிக்குதே?"

"மெஷின் பழசு மேடம்."

"யாரைப் பாத்துச் செஞ்சீங்க?"

"எங்க பெரியப்பா, அம்மாவாசின்னு பேரு. கேட்டதும் சரின்னுட்டாக. ஆனா என்ன பண்ணியும் சுருக்கமே விழல மேடம். பரோட்டா மாவு கெணக்கா வழவழன்னு இருந்துச்சு. போன வாரந்தான் ஒரு வழி கெடச்சுச்சு."

"என்ன வழி?"

"தொழில் ரகசியம் மேடம்."

அவள் சிரித்தாள். "சரி, இதைச் சிரிக்க வைங்க."

"சிரிப்பு மேடம்!"

தட்டினான். கன்னங்கள் ஏறின. கண்ணோரம் சுருங்கியது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

"பல்லு வேற எடுத்துட்டீங்களா? அழுகை?"

"அழுகை!"

முகம் தும்மப் போவதுபோல் இருந்தது.

"நல்ல அழுகை மேடம்!" என்று மறுபடி தட்டினான். உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"அழுகைக்கு இன்னும் வேலை இருக்கு" என்றாள்.

அப்போது முகம் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

"நான் கேக்கவே இல்லையே?"

சூரியபிரகாஷ் சட்டென்று முந்திக்கொண்டான். "சும்மா இருக்கையில தானா அப்படிச் செய்யும் மேடம். செலை கெணக்கா நிக்கக் கூடாதுல்ல?"

"அட, இது நல்ல யோசனை."

அவனுக்கு மூச்சு வந்தது.

ஃபர்ஹீன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு அருகே குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆனா, சுருக்கந்தான் சரியில்ல."

"மேடம்?"

"நெத்தியப் பாருங்க. ஒரு பக்கம் மூணு கோடு, இன்னொரு பக்கம் ரெண்டு. மூணாவது கோடு எங்க போச்சு? மனுசத் தோலு அப்படி மடியாது. எங்க அத்தாவுக்கும் வயசாச்சு. அவுக நெத்தியில கோடு இங்கன ஆரம்பிச்சா அங்கன போய்த்தான் நிக்கும்."

"வெயில்ல காஞ்ச மூஞ்சி மேடம், அப்படித்தான்..."

"வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்குங்க. கன்னத்தப் பாருங்க, சிரிப்பு நின்ன பெறகும் மடிப்பு அப்படியே கெடக்குது. தாடையில இருக்குறது சுருக்கமே இல்ல, அவசரத்துல கசக்கிப் போட்ட பேப்பர்."

"மேடம், கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்."

"இவ்வளவு நேரம் கத்துனது நீங்கதான? தப்பா நெனைக்காதீங்க. பாத்த உடனே கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு தெரியுது. எங்க கம்பெனியில இத எடுக்க மாட்டாங்க. இந்த மூஞ்சியில உசுரே இல்ல."

திரையில் புருவங்கள் நெருங்கின. சூரியபிரகாஷின் கை மடியில் இருந்தது. முகம் மேலே ஏறி மறைந்தது. ஒரு சட்டைப் பொத்தான் தெரிந்தது. அப்புறம், ஆணியில் தொங்கிய கறுப்புத் துணி மட்டும் இருந்தது.

பிளைவுட் தடுப்பின் கதவு திறந்தது.

"ஏத்தா, யாரு மூஞ்சியில உசுரு இல்லைங்கிற?" என்றார் அம்மாவாசி.