பேச்சில் ஐந்து மார்க்

“சார், மொத்த மார்க்குல நான்தான் சார் மொதல்ல வர்றேன்.”

“வந்தா? பேச்சுல அஞ்சுதானே வாங்கியிருக்க. ஆறு வேணும். ஒரு பகுதியில குறைஞ்சாலும் பேரை அனுப்ப முடியாது. கம்பெனி போட்ட சட்டம்மா அது.”

லோகநாதன் சார் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எதிரே மகிழினி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

திருவொற்றியூரில் இருக்கிற அந்தக் கல்லூரிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கப்பல் கம்பெனி ஆள் எடுக்க வரும். அதற்கு முன்னால் ஆங்கிலப் பரிட்சை. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. தேறியவர்கள் பட்டியல் அன்றைக்குச் சாயங்காலம் போகிறது. அதில் பேர் இல்லாவிட்டால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

“பேச்சுக்கு நாலே நாலு கேள்வி சார். ஒண்ணுல நாக்கு தடுக்கிச்சு, அவ்ளோதான். ரெக்கார்டு பண்ணது இருக்கே சார், இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்க.”

“எந்த ஏரியாம்மா நீ?”

“வியாசர்பாடி சார். அப்பா இன்னும் ஹார்பர்ல லோடு ஏத்திகினுதான் கீறாரு. இந்த வேல கெடச்சா அவர வூட்ல உக்கார வெச்சிடுவேன் சார்.”

“கேட்டியா? இப்பக்கூட எப்படிப் பேசற பாரு. வீட்டுப் பேச்சு நாக்குல ஒட்டிக்கிட்டா லேசுல போகாதும்மா. நாலு கேள்வியோ நாற்பது கேள்வியோ, மார்க்குன்னா மார்க்குதான். உனக்கு ஒண்ணு கூட்டிப் போட்டா ஊருக்கே போடணும். கிளாஸுக்குப் போ.”

அவள் அழுதுகொண்டே போனாள். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, லோகநாதன் சார் நேர்மையான ஆள். அதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

மதியம் தேவகிருபை மேடம் வந்து எதிரே உட்கார்ந்தார். நாகர்கோவில்காரர். அவரும் அங்கே ஆங்கிலம்தான் நடத்துகிறார். மாணவர்கள் பேசியதையெல்லாம் செல்போனில் பதிவு செய்தது அவர், கேட்டு மார்க் போட்டது லோகநாதன் சார்.

“சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க அண்ணன் மக ஒருத்தி இந்தப் பரிட்சை எழுதியிருக்கா. பேச்சுல அஞ்சு போட்டிருக்கீங்க.”

லோகநாதன் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இந்த அம்மாவுமா? யாருக்கும் அரை மார்க் கூட்டிப் போடாத மனுஷி. சொந்தம் என்று வந்துவிட்டால் எல்லாரும் ஒன்றுதான் போலிருக்கிறது.

“உங்க அண்ணன் பொண்ணு இங்கயா படிக்குது? சொல்லவே இல்லையே மேடம்.”

“சொன்னா சலுகை கேக்குற மாதிரி ஆயிடும்லா சார். இப்பவும் பேரு வேண்டாம். குரலை மட்டும் கேளுங்க. தேறலைன்னா அஞ்சே இருக்கட்டும்.”

செல்போனை நீட்டினார். மறுக்க லோகநாதன் சாருக்கு மனசு வரவில்லை. மூட்டு ஆபரேஷன் ஆகி அவர் படுத்திருந்தபோது அவருடைய வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது இந்த அம்மாதான். காதில் வைத்துக் கேட்டார். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் லாரி போகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் கேட்டார்.

“நல்லாத்தானே மேடம் பேசுது! அன்னைக்கு வரிசையா கேட்டுக் கேட்டு எனக்குக் காதே அடைச்சுப் போச்சு. அந்த அலுப்புல அஞ்சு போட்டுட்டேன் போல.”

“ஒரு கேள்வியில தடுமாறிட்டா சார்.”

“யாருதான் தடுமாறல? வெறும் நாலு கேள்வியை வெச்சு ஒரு பொண்ணுக்குப் பேச வராதுன்னு முடிவு கட்டிட முடியுமா? மறுநாள் கேட்டா வேற மார்க்கு வரும். மொத்த மார்க்கு எப்படி?”

“மொத்தத்துல நல்ல மார்க்கு சார்.”

“அதைத்தான் நம்பணும். அத்தனை கேள்வியும் சேர்ந்து வர்ற மார்க்கு அது. இந்தத் துண்டு மார்க்கை வெச்சுக்கிட்டுப் பிள்ளைங்க பொழப்புல மண்ணைப் போடக் கூடாது மேடம்.”

சொல்லச் சொல்ல அவருக்கே தன் பெருந்தன்மை பிடித்துப் போயிற்று.

“உச்சரிப்புல உங்க நாகர்கோவில் வாடை லேசா அடிக்குது. அதுவும் ஒரு அழகுதான். நல்ல வளர்ப்புன்னு குரல்லயே தெரியுது.”

தேவகிருபை தலையைக் குனிந்துகொண்டார். புகழ்ந்ததில் கூச்சம் போல என்று லோகநாதன் சார் நினைத்துக்கொண்டார்.

“ஏழு போடறேன். இது சலுகை இல்ல மேடம், நியாயம். சாயங்காலம் போற பட்டியல்லயே சேர்த்துடலாம்.” பேனாவைத் திறந்தார். “பொண்ணு பேரு?”

“மகிழினி, சார். காலையில உங்ககிட்டதான் அழுதுட்டுப் போனா.” தேவகிருபை செல்போனை எடுத்துப் பைக்குள் வைத்தார். “எனக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.”