நிறுத்தி வைத்த சுத்தியல்

கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறையின் ராட்சதச் சுத்தியலைப் பழுதுபார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அங்கே வேலை செய்யும் சாராளின் டம்ளரில் டீ வளையம் வளையமாக நடுங்குகிறது. கூரை ஓட்டைகளில் இறங்கிய வெயில் வட்டங்கள் தரையில் தள்ளாடுகின்றன. வாசலுக்கு ஓடிவந்தவர்களைச் சூப்பர்வைசர் அன்புசெல்வன் கை நீட்டி மறிக்கிறார். "இன்னா டிராமா? பக்கத்து ஷெட்டு சுத்தியல் அது. இதைத் தாண்டுனா நாளைக்கு வேலைக்கு வராத." "அவங்களுக்கு இன்னிக்கு லீவு சார். நெலம் ஆடுது, வழி வுடு" என்கிறாள் சாராள். "நீ இன்னா சயின்டிஸ்ட்டா?" "பத்தாவது பாஸு." அப்போது படித்த நிலநடுக்கப் பாடம் இப்போது அவள் உள்ளங்காலில் ஏறுகிறது: அந்தமான் பக்கம் கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே முட்டி நுழைகிறது, தீவுகளை மேலே தள்ளியதும் அந்த முட்டல்தான், இறுகிக் கிடந்த பாறை சட்டென வழுக்கினால் இந்தக் கரைவரை தரை ஆடும். தலைக்கு மேல் கிரேன் கொக்கி, யாரும் தொடாமலே ஊசலாடுகிறது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். சாராள் மட்டும் கீழே பார்க்கிறாள். அன்புசெல்வனின் கை இன்னும் வாசலை மறித்தபடியே இருக்கிறது. அவர் கால்கள் இரண்டும் வாசலுக்கு வெளியே போய்விட்டன.