பல்பொடி டப்பா மூடி

ஜெபக்கனியின் தோசைக்கடையில், மரத்தூள் உருளைகளால் எரியும் அடுப்புக்கு மூன்று மாதமாக மந்தம். மேல்தொட்டியிலிருந்து உருளைகள் ஒவ்வொன்றாய், மனசில்லாமல் விழுந்தன. ஒரு தோசையை எடுத்தால் அடுத்ததற்குக் கல் காயும்வரை, வீங்கிய மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது. ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டரிடமே சண்டை போட்டவள். "சனியன் பிடிச்ச அடுப்பு," என்று திட்டுவாள். புருஷன் அருள்தாசன் சட்னி வாளியோடு நகர்ந்துவிடுவார்.

இன்று மெக்கானிக் வந்து தொட்டியைக் காலி செய்து கையை உள்ளே விட்டான். "உருளையைத் தள்ளுற மோட்டார் நல்லாத்தான் இருக்கு. யாரோ தொட்டி வாயைப் பாதி அடைச்சுக் கட்டி வச்சிருக்காங்கக்கா." கம்பியை அவிழ்த்து ஒரு தகர மூடியை நீட்டினான்.

அருள்தாசனின் பல்பொடி டப்பா மூன்று மாதமாக மூடியில்லாமல்தான் இருக்கிறது. கேட்டதற்கு, எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்.

வெளியே அவர் மேசை துடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

அவள் மூடியை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "இருந்த மாதிரியே கட்டிருங்க தம்பி," என்றாள் மெதுவாக. பிறகு வெளியே கேட்கும்படி, "சீக்கு முத்திப்போச்சாம். இனிமே இது இப்படித்தான் எரியுமாம்," என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெளியே துணி மறுபடி மேசையில் ஓடத் தொடங்கியது.