எதிர் நாற்காலி

அவள் சடாரென்று எழுந்து நின்றாள்.

எதிரில் இருந்தது காலி நாற்காலிதான். வெள்ளை பிளாஸ்டிக்.

மனநல ஆலோசகர் சொன்னது இவ்வளவுதான்: செத்துப்போன உங்கள் மாமியார் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள் அம்மா என்றார் அவர். இது ஒரு பயிற்சி, வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களே செய்கிறார்கள் என்றார். இதற்காகவே கடல் கடந்து போய்ப் படித்துவிட்டு வந்ததையும் சொன்னார். வாசலில் பெயர்ப்பலகை அதை ஏற்கெனவே சொல்லியிருந்தது. பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு பட்டங்கள்.

அவள் உட்காரவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை முன்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை.

உட்கார் என்றும் சொன்னதில்லை.

அத்தை படுக்கையில் விழுந்த பிறகும் அப்படித்தான். கஞ்சி ஊட்டியது நின்றுகொண்டு. பீ மூத்திரம் அள்ளியது குனிந்துகொண்டு.

காரியம் முடிந்ததும் கட்டிலைக் கொழுந்தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தையின் இருமல் மட்டும் கூடத்திலேயே தங்கிவிட்டது.

கண்ணை மூடினால் இருமல். எழுந்து ஓடினால் வெறும் கூடம்.

தூக்கம் போனது. பிறகு பசி. போன வாரம் பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் கசிந்துகொண்டிருக்க, அவள் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஜன்னலைத் திறந்தாள். திறந்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் புருஷன் இங்கே கூட்டி வந்தான். பெற்ற பிள்ளை நானே தேறிவிட்டேன், உனக்கென்ன கேடு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். இப்போது வெளியே உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்க்கிறான்.

ஆலோசகர் குரலைக் குழைத்தார். மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுங்கள் என்றார். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். அழ வேண்டுமானால் அழுங்கள். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாற்காலியில் முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது.

ஆலோசகரும் அங்கே பார்த்தார்.

கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

"கால் வலிக்குது அத்தை. உக்காந்துக்கட்டுமா?"

ஆலோசகர் வாயைத் திறந்தார், உட்காருங்கள் என்று சொல்லத்தான். கேள்வி தன்னிடம் கேட்கப்படவில்லை என்று தோன்றியது. மூடிக்கொண்டார்.

பதில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டவள்போல் அவள் தலையாட்டினாள்.

உட்கார்ந்தாள். முதலில் விளிம்பில். அப்புறம், முதுகு முழுக்கச் சாய.

கண் சொக்கியது.

ஆலோசகர் மேஜையோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"நீங்களும் உக்காருங்க சார். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."