மகரக்கட்டு

சிறுவயதில் மகரக்கட்டு உடைந்து போன தன் பாட்டுக்குரலை, நாகர்கோவில் எபனேசர் நாற்பத்தாறு வயதில், புதிதாக வந்த ஊசி ஒன்றைப் போட்டுத் திரும்பப் பெற்றார். மீசைக்குக் கீழிருந்து வந்த சிறுவனின் மணிக்குரலைக் கேட்டு மனைவி ஜாய்சி கண் கலங்கினாள்.

மகன் ஆல்வினுக்கு அந்த மாதம்தான் குரல் உடைந்திருந்தது. சர்ச் பாடகர் குழுவின் முன்வரிசை போன வருத்தத்தில் இருந்தான்.

"நீயும் ஊசி போட்டுக்கிடுதியாலே?" என்று கேட்டபடியே எபனேசர் தண்ணீர் லாரிக்குப் போன் போட்டார்.

"வீட்டுல பெரியவங்க இருந்தா குடு மக்களே," என்றது போன்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஜாய்சி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள். ஆல்வின் போனை வாங்கி, கரகரத்த குரலில் விலாசம் சொன்னான்.

"சரி சார்," என்றது போன்.

ஆல்வின் நிமிர்ந்து நின்றான். "ஊசி வேண்டாம்ப்பா," என்றான்.