கட்டம் போட்ட தீவு

கப்பல் அறையின் திறக்க முடியாத வட்ட ஜன்னலில் காலை வெயிலோடு தீவு வந்து நிற்கிறது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து வந்திருக்கும் முதல் பயணம். கட்டிலில் உட்கார்ந்து கணவர், கரையில் கழிக்க வேண்டிய எட்டு மணி நேரத்தையும் ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார். படகு, அருவி, கடைத்தெரு; மூச்சு விடத்தான் இடமில்லை.

"என்னங்க, சும்மா மணல்ல உக்கார நேரமே இல்லையா?"

"ஏன் இல்ல? மூணு பத்துலேர்ந்து மூணு இருபத்தஞ்சு வரைக்கும் உக்காந்து கடலைப் பாக்குறோம்."

பென்சில் அந்தக் கட்டத்தைத் தட்டுகிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, குளிர்ந்த கண்ணாடியில் நெற்றியைச் சாய்க்கிறாள். வெளியே நீலத்தின்மேல் வெயில் உடைந்து உடைந்து சேர்கிறது. முதுகுக்குப் பின்னால் பென்சில் சத்தம் நிற்கிறது.

"இப்பவே பாத்துடாத. அப்புறம் மூணு பத்துக்கு என்ன பண்றது?"