எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு

"அந்த லேப் அம்மாவை இன்னிக்கு சாயங்காலமே வேலையை விட்டு அனுப்பிடுவேன். தப்பு லேப் பக்கம்தான்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்" என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் தலையாட்டினார்.

விஷயம் இதுதான். பரிசோதனை முடிந்ததும் லேப் கம்ப்யூட்டர் ரிசல்ட்டை சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை அந்த நிமிஷமே நோயாளியின் செல்போனுக்குத் தள்ளிவிடும். இந்த மாதம் பதினோரு ரிசல்ட் அப்படிப் போகவில்லை. 'மறுமுனையில் பதில் இல்லை' என்று பதினோரு தடவை பிழைச்செய்தி. பிறகு லேப் அக்கா கையால்தான் அனுப்பியிருக்கிறார்.

இந்தத் தொழிலில் எங்கே இணைப்பு அறுந்தாலும் சொல்வதற்கு ஒரு மந்திரம் உண்டு. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு." பதினெட்டு வருஷமாக இன்ஜினியர் அதைத்தான் எழுதிக் கொடுத்துவருகிறார். ஒரு தடவைகூட மாற்றி எழுதியதில்லை. கம்பெனி அவரை அனுப்புவதே அதற்காகத்தான்.

லேபில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எல்லா ஒயரிலும் விரல் கனத்துக்குத் தூசி. நெட்வொர்க் ஒயரின் முனை மட்டும் பளிச்சென்று இருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு ரிசல்ட் வந்தது. லேப் அக்கா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினார்.

"என்னம்மா பண்றீங்க?"

"அதான் பார்த்துட்டீங்களே. எழுதிக்குங்க சார்."

"வேலை போயிடும்மா!"

"தெரியும். அஞ்சு நிமிஷம் இருங்க, வந்து மாட்டிடறேன்." பிரிண்ட் எடுத்து மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நல்ல திமிர்தான் என்று நினைத்துக்கொண்டே இன்ஜினியரும் பின்னால் போனார்.

டாக்டர் அறை வாசலில் ஒரு இளம் தம்பதி. கணவன் போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"எல்லாருக்கும் வந்துடுச்சு, நமக்கு மட்டும் இன்னும் வரலையே" என்றாள் மனைவி.

லேப் அக்கா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். ஒரு நிமிஷத்தில் டாக்டரே எழுந்து வெளியே வந்தார்.

"உள்ள வாங்கம்மா. ரெண்டு பேரும் வாங்க. உக்காந்து பேசுவோம்."

கதவு மூடியது. சற்று நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. கூடவே கணவனின் குரலும் டாக்டரின் குரலும்.

இன்ஜினியர் லேபுக்குத் திரும்பி அந்தப் பதினோரு ரிசல்ட்டையும் திறந்தார். நாலாவதுக்கு மேல் படிக்க முடியவில்லை.

போன வருஷம் அவருடைய தங்கை இப்படி ஒன்றை பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்று படித்தாள். ஆஸ்பத்திரி வேறு. சாப்ட்வேர் இதேதான். அவருக்கு வெட்கமாக இருந்தது.

லேப் அக்கா வந்து ஒயரை மாட்டினார்.

சாயங்காலம் மேனேஜர் கையை நீட்டினார். "எழுதிட்டீங்கல்ல?"

இன்ஜினியர் தாளைக் கொடுத்தார். மேனேஜர் ஒரு தடவை படித்தார். நம்பாமல் இன்னொரு தடவை படித்தார்.

'பிழை எங்கள் பக்கம். டாக்டர் பேசுவதற்கு முன்பே எங்கள் சாப்ட்வேர் நோயாளிக்குச் சொல்லிவிடுகிறது. ஒரு வாரத்தில் சரிசெய்து தருகிறோம். அதுவரை லேபில் இப்போது உள்ள ஏற்பாட்டையே தொடரவும்.'